பதினொரு பேருக்கு ஒரு ரிமோட்

அபுதாபியில் ஜூலை மாதம் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு தூங்குகிற மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. முசஃபாவில் நாங்கள் பதினொரு பேர் தங்கியிருக்கும் ஹாலுக்குள் பதினாறு. அந்தப் பதினாறும் நேராக என் மண்டையில்தான் இறங்கும், ஏனென்றால் என் கட்டில் ஏசிக்கு நேர் கீழே.

வீடியோ காலில் என்னைப் பார்த்த அன்றைக்கே என் மனைவி உமாராணி கேட்டுவிட்டாள். "அபுதாபிக்குத்தான போனீக? இல்ல, காஷ்மீருக்குப் போயிட்டு எங்கிட்ட மறைக்கிறீகளா?"

எனக்கு சைனஸ். காலையில் எழுந்தால் மூக்கு அடைத்திருக்கும், கழுத்து இடது பக்கம் திரும்பி அப்படியே நின்றிருக்கும். இரும்புப் பட்டறை ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை எனக்கு. வலது பக்கம் நின்று போல்ட் நட்டு கேட்பவர்களுக்கெல்லாம், பத்து மணி வரைக்கும் இடது பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்லுவேன். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், நான் அவரை மதிக்கவில்லை என்று மேலே சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டிலை நான் கேட்டு வாங்கவில்லை. ஏசிக்கு நேர் கீழே இருக்கும் கட்டில் எங்கள் ஹாலில் மரியாதையான கட்டில். யார் அதிக நாளாக அங்கே இருக்கிறாரோ அவருக்குத்தான். முன்பு அதில் படுத்திருந்தவர் விசா கேன்சல் போட்டு மூன்று மாதத்துக்கு முன் ஊருக்குப் போனார். அன்று நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் என் மெத்தை, தலையணை, சூட்கேஸ் எல்லாம் அங்கே போயிருந்தன. மெத்தையின் மேல் புது விரிப்பு வேறு. "அண்ணே, இனிமே இது ஒங்க எடம்" என்று எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். வேண்டாம் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை பேர் மரியாதை செய்யும்போது எந்த வாயால் சொல்வது? ஏறிப் படுத்தேன். தும்மினேன்.

கட்டில் என்னிடம் இருந்தால் என்ன, ரிமோட் கார்மேகத்திடம் அல்லவா இருந்தது. கார்மேகம் முதுகுளத்தூர்க்காரன், சாரம் கட்டும் வேலை. நாள் முழுக்க வெயிலில் கம்பி மேல் நின்றுவிட்டு வருபவன். வந்ததும் பதினாறில் வைத்துவிட்டு, ரிமோட்டைத் தலையணைக்குள் திணித்துவிடுவான். அவனோடு சாரம் கட்டுகிற மூன்று பேருக்கும் அதே பதினாறுதான் வேண்டும்.

எதிர்க்கட்சித் தலைவர் முகம்மது சித்தீக் பாய். கீழக்கரைக்காரர், உறைய வைத்த மீன் விற்கிற கம்பெனியில் குளிர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பகல் முழுக்க ஐஸுக்குள் இருப்பவருக்குத் திரும்பி வந்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். "நானே பாதி மீனாயிட்டேன்பா, ராத்திரியாச்சும் மனுசனா படுக்க விடுங்க" என்பார். அவருக்கு ஏசியே கூடாது, ஃபேன் போதும். அவரோடு அதே குளிர் அறையில் வேலை செய்யும் இரண்டு பேர் அவர் கட்சி.

மிச்சம் நான்கு பேர் நடுநிலை. நான், வேன் டிரைவர் ஐயப்பன், தையல் கடையில் வேலை செய்யும் இரண்டு பேர். எங்களுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து இருந்தால் போதும்.

ஒரு முறை கை தூக்கித் தேர்தல் நடத்தினோம், ரிமோட் யாரிடம் இருக்க வேண்டும் என்று. கார்மேகத்துக்கு நாலு கை. சித்தீக் பாய்க்கு மூணு. நானும் நின்றேன், ஐயப்பனும் நின்றான். தையல்காரர்கள் இரண்டு பேரும் எனக்குக் கை தூக்கினார்கள். ஐயப்பன் தனக்குத் தானே தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தனியாக ஒரு கையோடு நிற்கிறானே என்று பாவமாக இருந்தது, நானும் அவனுக்குத் தூக்கிவிட்டேன். நாலு கை வாங்கிய கார்மேகம் ஜெயித்தான். ஏழு பேர் வேண்டாம் என்கிற பதினாறு, நாலு பேர் கேட்டதால் வந்தது. இது என்ன நியாயம் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. குளிரில் ஏற்கெனவே போனதுதான்.

அப்போதுதான் என் தங்கை மகள் இளவேனிலிடம் புலம்பினேன். அவள் நியூசிலாந்தில், வெலிங்டனில் நர்ஸ். நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர். வாங்கிவிட்டதால் அங்கே ஊர் மேயர் தேர்தலில் அவளுக்கும் ஓட்டு உண்டு. ஆறு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பினாள்.

"மாமா, இங்க ஒரு ஆளுக்கு மட்டும் குத்திட்டு வர்றதில்ல. பிடிச்ச ஆளுக்கு ஒண்ணு, அவரு இல்லேன்னா இவருன்னு ரெண்டு, அப்புறம் மூணு. மொதல்ல எல்லாரோட ஒண்ணையும் எண்ணுவாங்க. யாருக்காச்சும் பாதிக்கு மேல வந்துட்டா அவருதான் மேயர். வரலேன்னா கடைசியா இருக்கிறவர வெளிய அனுப்பிட்டு, அவருக்கு ஒண்ணு போட்ட சீட்டையெல்லாம் எடுத்து, அதுல ரெண்டாவதா யாரு இருக்காங்களோ அவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. பாதிக்கு மேல வர்ற வரைக்கும் இப்பிடியே."

நான் மூன்று முறை கேட்டேன். பிறகு வேறு வேலையே ஓடவில்லை. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். கார்மேகத்துக்கு நாலு. சித்தீக் பாய்க்கு மூணு. ஐயப்பனை நிற்கவிடாமல் செய்தால் எனக்கு நாலு. யாருக்கும் பாதி இல்லை. கடைசியில் இருக்கும் சித்தீக் பாய் வெளியே போவார். அவருடைய மூன்று சீட்டும் யாருக்கு வரும்? பதினாறுக்கா போகும்? எனக்குத்தான். நாலும் மூணும் ஏழு. ரிமோட் என் கையில்.

ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். மேயர், நியூசிலாந்து என்றதும் கொட்டாவி விட்டார்கள். அதனால் வேறு மாதிரி சொன்னேன். "கஃப்டீரியாவுக்கு ஒருத்தன அனுப்புறப்ப என்ன சொல்றோம்? பொரோட்டா வாங்கியா, இல்லேன்னா சப்பாத்தி, அதுவும் இல்லேன்னா குபூஸ். அவ்வளவுதான் இது."

"அட, இம்புட்டுத்தானா!" என்றான் கார்மேகம். "இத நாங்க தெனம் பண்றோமே."

"அப்ப நான் பொரோட்டாவா, குபூஸா?" என்று சித்தீக் பாய் கேட்டார்.

"நீங்க ஐஸ்ல வச்ச பொரோட்டா பாய்" என்றான் கார்மேகம். எல்லோரும் சிரித்தார்கள், சட்டம் நிறைவேறியது. விதிகளை என் கையால் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுப்பதிவு. எண்ணுவதற்குக் கீழே பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருக்கும் ராஜிக் பாய். தொண்டிக்காரர். அவர் கடையில் எல்லோரும் சாமான் வாங்குவதால் எந்தக் கட்சியையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

ஐயப்பனை வாபஸ் வாங்க வைத்தேன். பிறகு பிரச்சாரம் தொடங்கியது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அப்போது அப்படித்தான் நினைத்தேன். எல்லாம் இரண்டாவது ஓட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? மற்றவன் முதல் ஓட்டுக்கு அலையட்டும், நான் இரண்டாவதை அள்ளிவிடுகிறேன் என்று கிளம்பினேன். இரண்டாவதைக் கேட்பதில் இன்னொரு சௌகரியம், கூச்சமே இல்லை. "எனக்குப் போடு" என்று கேட்க நாக்கு எழாது. "ஒனக்குப் பிடிச்ச ஆளுக்கு மொதல்ல போடுப்பா, ரெண்டாவதா என்னய நெனச்சுக்க" என்று கேட்பது சுலபம். எதிரில் நிற்பவனுக்கும் மனசு இளகும்.

பல் விளக்கும் இடத்தில் கேட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். சித்தீக் பாய் தொழுதுவிட்டு எழும் வரைக்கும் ஓரமாகக் காத்திருந்து கேட்டேன். "ரெண்டு என்னப்பா, ஒங்களுக்கு இல்லாததா" என்று தோளில் தட்டினார். தையல்காரர்களிடம், தைக்கிற மெஷின் சத்தத்தை மீறிக் கத்திச் சொன்னேன், "ரெண்டு! ரெண்டு!" என்று விரலைக் காட்டி. ஐயப்பனுக்கு வேனில் போகும்போது நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவனே, "ரெண்டுதானண்ணே, செத்தாலும் மறக்க மாட்டேன்" என்றான்.

கார்மேகத்திடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருந்தது. எதிராளி அல்லவா. "நீ எனக்கு ரெண்டு போடு, நான் ஒனக்கு ஒண்ணு போடுறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டான். தன் டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தான். நல்ல பெரிய துண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோறு, மீன் குழம்பு முடிந்ததும் பிரியாணி அரிசி டப்பா ஒன்றைப் பெட்டியாக வைத்தோம். மூடியில் ஐயப்பன் கத்தியால் துளை போட்டான். உமாராணி வீடியோ காலில் வந்தாள், தேர்தலைப் பார்க்கணும் என்று. ஃபோனை ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்தேன். ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய், மூன்று பேரின் பெயரும் எழுதிய சீட்டில் எண் போட்டுக் கொண்டு வந்தார்கள்.

என் முறை. சமையலறையில் தனியாக நின்றேன். சட்டைப் பையில் பட்டறை மார்க்கர்தான் இருந்தது, இரும்பில் குறி போடுகிற தடித்த பேனா. பாலகுரு என்ற என் பெயருக்கு நேராக மார்க்கரைக் கொண்டு போனேன். கை நின்றுவிட்டது. நமக்கு நாமே ஒன்று போட்டுக்கொள்வதா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பந்தியில் தன் இலைக்குத் தானே வடையை எடுத்து வைத்துக்கொள்வது போல இல்லையா? அதோடு கார்மேகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கருவாடும் தின்றாயிற்று. எப்படியும் ஐயப்பனும் தையல்காரர்களும் எனக்கு ஒன்று போடுவார்கள். மிச்சத்துக்கு இரண்டு இருக்கிறது. ஒரு சீட்டில் என்ன வந்துவிடப் போகிறது?

கார்மேகம் ஒன்று. பாலகுரு இரண்டு. சித்தீக் மூன்று. மடித்துப் போட்டேன்.

ராஜிக் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்தார். பதினொரு சீட்டு சரியாக இருந்தது. பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

"ஒண்ணு, சித்தீக். ஒண்ணு, கார்மேகம். ஒண்ணு, கார்மேகம். ஒண்ணு, சித்தீக்."

நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்முடையது கீழே இருக்கும், வரும். ஐந்தாவது சீட்டும் கார்மேகம். ஆறாவதும் ஏழாவதும் சித்தீக். காலை ஆட்டுவதை நிறுத்தினேன். எட்டாவது கார்மேகம். ஒன்பதாவது சித்தீக், அதில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது, தையல்காரர்கள் துணியில் கோடு போடுவார்களே அந்தச் சாக்பீஸ். பத்தாவது கார்மேகம். ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு வியர்த்தது.

"அஞ்சுக்கு அஞ்சு" என்றார் ராஜிக் பாய். "பாலகுரு, பூஜ்யம்."

ரைஸ் குக்கர் பக்கமிருந்து, "என்னது?" என்று ஒரு குரல் கேட்டது.

நான் ஐயப்பனைப் பார்த்தேன். "ஐயப்பா, எங்கடா ஒன் ஓட்டு?"

"ரெண்டு போட்டேண்ணே! நீங்கதான வாய் ஓயாம ரெண்டு ரெண்டுன்னீங்க? மொதல்ல யாருக்காச்சும் போடணுமேன்னு கார்மேகத்துக்குப் போட்டேன், டயர் மாத்துறப்ப ஒத்தாசையா இருந்தான்."

தையல்காரர்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு விரலைக் காட்டினார்கள். சித்தீக் பாய் அவர்களுக்கு மீன் கொண்டு வந்து கொடுப்பவராம், முதல் ஓட்டு அவருக்காம்.

ராஜிக் பாய் பதினோராவது சீட்டைப் பிரித்தார். பிரிப்பதற்கு முன்பே காகிதத்தின் பின்பக்கம் கறுப்பாக ஊறியிருந்தது. மார்க்கர். ஹாலில் இருந்த பத்து பேரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு, கார்மேகம்" என்றார் ராஜிக் பாய். "ஆறு. பாதிக்கு மேல வந்துடுச்சு. கலாஸ்."

"இருங்க பாய், ரெண்டாவது ஓட்ட எண்ணலையே!" என்று எழுந்துவிட்டேன்.

அவர் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினார். "ஒங்க கையெழுத்துத்தான. பாதிக்கு மேல வந்தா அதோட முடிஞ்சதுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டாவத நாம பாக்கவே வேணாம்."

"சும்மாவாச்சும் பாருங்க பாய்!"

பாவம் பார்த்து ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். "ரெண்டு, பாலகுரு. ரெண்டு, பாலகுரு. ரெண்டு, பாலகுரு..." பதினொன்றிலும் அதேதான். கார்மேகத்தின் சீட்டில் இரண்டுக்குக் கீழே அழுத்தமாகக் கோடு வேறு போட்டிருந்தான், வாக்கை மறக்கவில்லை என்று காட்ட. பதினொரு பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே ஆளை நினைத்திருக்கிறார்கள், ஒரு சீட்டும் என் பக்கம் வரவில்லை. ராஜிக் பாய்க்கே தாங்கவில்லை. "இவ்வளவு செல்வாக்கா ஒரு ஆளு தோத்து நான் பாத்ததில்ல" என்றார்.

"ஏங்க" என்றாள் உமாராணி. "பத்து பேரு ஒங்கள ரெண்டாவதா போட்டாக, சரி. அந்தப் பதினோராவது ஆளு நீங்கதான?"

"கருவாடு குடுத்தான்..." என்று தொடங்கினேன்.

"கருவாடு கெடக்கட்டும். ஒங்க பேருக்கு நேரா ஒண்ணுன்னு எழுத ஒங்க கையே வரல. அடுத்தவன் கை எப்பிடிங்க வரும்?"

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள், முடிக்கும்போது அவள் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக இதைச் சொல்லக் காத்திருந்தவள் போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைனஸ் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சைனஸ் இல்லை.

கார்மேகம் ரிமோட்டோடு என்னிடம் வந்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை, திருடிவிட்டு வந்தவன் முகமாக இருந்தது. "அண்ணே, ஒங்க ஓட்டுலதான் நான் ஜெயிச்சிருக்கேன். மனசு ஒரு மாதிரியா இருக்குண்ணே. ஏதாச்சும் கேளுங்க, செஞ்சு தாரேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா" என்றேன். அது நான் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும்.

"கேளுங்க!" என்று ஃபோன் கத்தியது. ரைஸ் குக்கர் மூடி அதிர்ந்தது என்றே சொல்லலாம்.

அதற்கு மேல் யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். "எனக்கு இந்தக் கட்டில் வேணாம்!"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மரியாதையைத் தூக்கி அவர்கள் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டோமோ என்று பயந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கார்மேகம் என் கட்டிலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசமாவாண்ணே?" என்றான். "நெசமா வேணாமா? அப்ப நான் எடுத்துக்கிறவா? மூணு மாசமா இந்தக் கட்டிலப் பாத்துப் பாத்து ஏங்கிக் கெடக்கேண்ணே!"

"நீயா?"

"என் கட்டிலு அந்தக் கடைசி மூலையில, பீரோவுக்குப் பின்னால. காத்தே வந்து சேராதுண்ணே. அங்க கொஞ்சமாச்சும் சில்லுன்னு எட்டட்டும்னுதான பதினாறுல வைக்கிறது! இங்க படுத்தா எனக்கு இருபத்துநாலே தாராளம்."

ரிமோட்டை ஏசி பக்கம் நீட்டி அமுக்கத் தொடங்கினான். டிக், டிக் என்று எட்டு தடவை. சாரம் கட்டுகிற மற்ற மூன்று பேரும், அந்த மூலையில் அவன் பக்கத்திலேயே படுப்பவர்கள், பீரோவை நகர்த்தி வைத்தால் எங்களுக்கும் காற்று வரும் என்று அப்போதுதான் சொன்னார்கள். சித்தீக் பாய் போர்வையை மடித்துக்கொண்டே, "இருபத்துநாலுன்னா நானும் பொறுத்துக்குவேன்பா" என்றார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மூன்று மாதக் கழுத்துவலி, சூப்பர்வைசரின் புகார், நியூசிலாந்து வாய்ஸ் நோட், தையல் மெஷினை மீறிக் கத்தியது எல்லாம் சேர்ந்து வந்தது. "ஏன்டா, இத மொதல்லயே எங்கிட்ட கேட்டா என்னடா?"

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க பெரியவரு. நாங்களா மரியாதையா குடுத்த எடம். அதப் போயி எப்பிடிண்ணே கேக்குறது? கூச்சமா இருந்துச்சு."

பதினொரு பேர் கூடி, விதி எழுதி, பெட்டி வைத்து, சீட்டு எண்ணி முடித்த பிறகுதான் நாங்கள் இரண்டு பேர் வாய் திறந்து பேசியிருக்கிறோம்.